தொட்டி மீனும் வெள்ளிக்கிழமைப் பொரியும்

மீன்குஞ்சு விட்ட அன்று தொட்டிக்கரையில் அம்மா இருந்தார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களிலிருந்தும் வீட்டுக்கு ஓராளாவது வந்திருந்தார்கள். தோட்டத் தலைவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மீன்பிடி அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ், ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் ஐந்நூறு திலாப்பியாக் குஞ்சுகளைக் கொண்டுவந்திருந்தார். அப்பா மட்டும் இல்லை.

அப்பா காலையிலேயே கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் வாங்கப் போயிருந்தார். கொழும்பில் ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நிற்க ஆள் தேவை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அன்றைக்கேதான் போக வேண்டும் என்றில்லை. மறுநாளும் போயிருக்கலாம். என் மீன்குஞ்சைப் பார்க்க நிற்க மாட்டேன் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அப்பா முப்பத்தைந்து வருடம் கவ்வாத்து வெட்டியவர். வளர்ந்து முற்றிய தேயிலையை முட்டி உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி நின்று நின்று, அவருடைய இடது கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. நெடுநேரம் நிற்கக்கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். காவல் வேலையோ பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போனவர்கள் ஏற்கெனவே மூன்று பேர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று இளைத்திருப்பார்கள். இனிமேல் போகவில்லை என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

அப்பா போக நினைத்ததற்குக் காரணம் நான்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன். பல்கலைக்கழகத்துக்குப் போனேன், பட்டமும் வாங்கினேன். நியமனம் மட்டும் வரவில்லை. ஹாலிஎலயில் சனிக்கிழமைகளில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த காசு, என் பஸ் செலவு போக மண்ணெண்ணெய்க்குக்கூடக் காணாது. அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. அம்மா கொழுந்து பறித்து வாங்கும் நாட்சம்பளமான பேர்க்காசில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். "ஒனக்கு வேலை வர்ற வரைக்கும்தான் போறேன்" என்றார் அப்பா. 

மீன் வளர்க்கிற யோசனை, மூடிக்கிடந்த பழைய ஸ்டோரின் பின்பக்கத் தொட்டியைப் பார்த்துத்தான் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அது ஓடிய காலத்தில் இஞ்சின் தண்ணீரை ஆறவைக்கக் கட்டிய சீமெந்துத் தொட்டி. முப்பதடி நீளம், நாலடி ஆழம். அதற்குள் மானாப்புல் முளைத்துக் கிடந்தது. மீன்பிடி அலுவலகத்து மிஸ் வந்து பார்த்தார். பண்டாரவளை மாதிரிக் குளிர் இங்கே இல்லை, திலாப்பியா சரிவரும் என்றார். தோட்டத்து மேனேஜரான துரைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதினேன். ஒரு வருடத்துக்குப் பாவித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மீன் செத்து நாறினால் அனுமதி ரத்து என்றும் அதில் ஒரு வரி இருந்தது. வெடிப்புக்குச் சீமெந்து பூசினோம், கழுவினோம், ஊற விட்டோம். கையில் இருந்த சேமிப்பெல்லாம் அதற்குள் போனது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"மீனு எத்தன மாசத்துல புடிக்கலாம்?"

"ஏழெட்டு மாசமாகும்ப்பா."

"நான் தீபாவளி முடிஞ்சு போறேன். மீனு பாட்டுக்கு வளரட்டும். நான் பாட்டுக்குச் சம்பாதிக்கிறேன்."

தீபாவளிக்குள் மீன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர்ந்துவிட்டால் அவர் மனம் மாறும் என்று நம்பினேன். எனக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

குஞ்சு விட்ட அன்று பைகளைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடச் சொன்னார் மிஸ். பைக்குள் இருக்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டுமாம். நாலாம் காம்பராவில் ஓர் அத்தை இருக்கிறார். சொந்த அத்தை இல்லை, லயத்து முறைக்கு அத்தை. அவர் சும்மா இருப்பாரா? "கல்யாணப் பொண்ண வாசல்ல நிறுத்தி வச்சமாதிரில்ல இருக்கு, சட்டுனு உள்ள கூப்புடுங்க மிஸ்" என்றார். மிஸ்ஸுக்குச் சிங்களம்தான் தாய்மொழி. அவருக்கு அது முழுதாக விளங்கவில்லை என்றாலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்.

தீனி அளக்க ஒரு காலி மீன் டின்னை வைத்தேன். காலையில் ஒரு டின், மாலையில் ஒரு டின். மீன் வளர வளர அளவைக் கூட்ட வேண்டும். மட்டையில் தடித்த எழுத்தில் எழுதித் தொட்டிக்கரையில் தொங்கவிட்டேன். 'வேறு தீனி எதுவும் போட வேண்டாம்' என்று கடைசி வரியில் சிவப்பில் எழுதினேன். ஏன் போடக்கூடாது என்று எழுதவில்லை. யாரிடமும் வாயால் சொல்லவும் இல்லை. எழுதிவிட்டாலே போதும் என்று நினைக்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன்.

ஆடி மாதம் எங்கள் லயத்திலிருந்து ஒரு வேன் கதிர்காமத்துக்குப் போனது. கதிர்காமம் போகிறவர்கள் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவார்கள். காலடியில் மீன் மொய்க்கும். அந்த மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள். திரும்பி வந்தவர்களின் பையில் பொரி மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் தொட்டி. ஒருவர் ஒரு பிடி போட்டார். என் மீன்கள் மேலே வந்து பொறுக்கின. அதைப் பார்த்தவர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நானும் பார்த்தேன். கைபேசியில் படம்கூட எடுத்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கோயில் பூசை முடிந்து வருகிறவர்கள் தொட்டிக்கு வந்தார்கள். பொரி, கடலை, சில நாட்களில் அவல். மகளுக்குக் கல்யாணம் சரிவர வேண்டும் என்று ஒருவர். கணவன் குடியை விட வேண்டும் என்று ஒருவர். அம்மாவும்தான். அம்மா என்ன வேண்டிக்கொண்டு போட்டார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அத்தையிடம் மட்டையைக் காட்டினேன்.

"அத்த, தீனி வேற போடக்கூடாதுன்னு எழுதியிருக்கேன்ல?"

"தீனி யாரு போட்டா? அது தீனி இல்ல தம்பி, புண்ணியம்" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் அதற்கு மேல் எப்படித் தடுப்பது? வாரத்தில் ஒருநாள்தானே, ஆளுக்கு ஒரு பிடிதானே என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு காம்பராவுக்கும் பிடி பிடியாகக் கூட்டிப் பார்க்கவில்லை.

தீபாவளி வந்தது. மீன்கள் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தன. அப்பா ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்று போனார். கொழும்பிலிருந்து சூப்பர்வைசர் போன் எடுத்து, சனிக்கிழமை வந்துவிடச் சொன்னார். அப்பா புதிதாக ஒரு கறுப்புக் காற்சட்டை தைத்துக்கொண்டார். அம்மா பையில் போர்வை, இருமல் மருந்து, காலுக்குச் சுற்றும் துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

அந்த வாரம் மூன்று நாள் விடாத மழை. வெயில் தலைகாட்டவே இல்லை. தொட்டித் தண்ணீர் பாசி நிறத்தில் தடித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மழையிலும் பூசை நடந்தது. அப்பா பயணம் போகிறார் என்பது லயத்துக்கே தெரிந்திருந்ததால் எல்லாரும் வழக்கத்தைவிடக் கூடவே போட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா ஒரு பிடி பொரியோடு தொட்டிக்குப் போய்விட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எல்லா மீனும் மேல வந்து நிக்குதுடா. ஒண்ணு பாக்கி இல்ல. ஒங்கப்பாவ வழியனுப்ப வந்தமாதிரி வாயத் தொறந்து தொறந்து கேக்குதுங்க. இருந்ததையெல்லாம் போட்டுட்டேன்."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்படியா?" என்றார். நான் எழுந்து ஓடினேன்.

நானூறு வாய்கள் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அம்மா போட்ட பொரி அவற்றின் மூக்கு நுனியில் மிதந்தது. ஒரு மீனும் அதைத் தொடவில்லை. பசிக்கு வந்த மீன் பொரியைத் தள்ளிவிட்டு நிற்குமா? மூச்சுக்கு வந்து நின்றன. ஓரத்தில் ஏழெட்டு மீன் வயிறு மேலாகக் கிடந்தன. குனிந்தபோது தொட்டிக்குள்ளிருந்து புளித்த மாவு வாடை வந்தது. நாலு மாதத்துப் பொரியில் மீன் தின்னாமல் விட்டதெல்லாம் அடியில் ஊறி அழுகியிருக்கிறது. மழை மூட்டத்தில் பாசியும் ஒட்சிசனைத் தரவில்லை. பாசியைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான்.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் பதறவில்லை. தீனியை நிறுத்துங்கள், அடித்தண்ணீரைத் திறந்து மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றுங்கள், புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுங்கள், தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டே இருங்கள், வெயில் வரும்வரை நிறுத்தாதீர்கள் என்றார்.

அப்பா பின்னாலேயே வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். தோளில் பை இருந்தது. கீழே ரோட்டுக்கு இறங்கிக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க அரைமணி நேரம்தான் இருந்தது.

"அடி அடைப்பு எங்கடா?"

கிழக்கு மூலையைக் காட்டினேன். பையைப் பக்கத்துக் கொய்யாமரத்தில் மாட்டினார். புதுக் காற்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு இறங்கினார். அடைப்பைச் சுற்றித் துரு பிடித்திருந்தது. இரண்டு பேருமாக முறுக்கி இழுத்தோம். கறுப்பாகப் பொங்கிக்கொண்டு அடித்தண்ணீர் வெளியே பாய்ந்தது. 

அடுத்தது புதுத் தண்ணீர். லயத்துப் பைப் தொட்டிக்கு மேலே அறுபது அடி தள்ளி இருந்தது. அவ்வளவு நீளத்துக்கு ஹோஸ் எங்களிடம் இல்லை. அம்மா லயத்துக்கு ஓடினார். மரக்கறித் தோட்டத்துக்கு வைத்திருந்த துண்டு ஹோஸ்கள் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் வந்தன. பச்சை ஒன்று, நீலம் ஒன்று, நடுவில் ஓட்டை விழுந்த ஒன்று. சைக்கிள் டியூபைக் கிழித்து அப்பா மூட்டு மூட்டாகக் கட்டினார். காலையில் சமையலுக்குப் பிடிக்கிற தண்ணீர் அது. அன்றைக்கு ஒரு வீட்டிலும் குடம் நிறையவில்லை.

ஹோஸ் தண்ணீர் மட்டும் போதவில்லை. அப்போதுதான் பெரட்டுக்குப் போகிற நேரம். காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு மலை பிரித்து அனுப்புகிற இடத்துக்கு, தலையில் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் தொட்டியைக் கடந்துதான் போக வேண்டும். முன்னால் வந்தவர் நாலாம் காம்பரா அத்தை. மீன்களைப் பார்த்ததும் மடியைத் தடவினார். அதற்குள்ளும் பொரி இருந்தது.

"போடாதீங்க அத்த" என்றேன். "அதுங்க கேக்கல. மூச்சு முட்டுது. நாம போட்டதெல்லாம் அடியில அழுகிப் போச்சு."

அவர் கை மடியிலேயே நின்றது.  பிறகு தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கரையில் போட்டார்.

"இந்தா, எல்லாரும் வாளி எடுங்கடி" என்றார்.

மேலே கங்காணி விசில் அடித்தார். யாரும் போகவில்லை. அம்மாவைத் தவிர ஒன்பது பெண்கள் வரிசையாக நின்று, பைப்பிலிருந்து தொட்டி வரைக்கும் வாளி கைமாற்றினார்கள். கடைசியில் நின்ற அத்தை, வாளியைத் தலைக்கு மேலே தூக்கி, அம்மா ஏந்திப் பிடித்த கொழுந்துக் கூடை வழியாக ஊற்றினார். கூடை இடுக்குகளில் பிரிந்து தண்ணீர் மழையாக விழுந்தது. அப்படிச் செய்ய நான் சொல்லவில்லை. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பலகையால் அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார்.

கீழே வளைவில் பஸ் ஹோன் கேட்டது.

"என்னங்க, பஸ்ஸு" என்றார் அம்மா.

"அடுத்ததுல போறேன். வாளியக் குடு" என்றார் அப்பா.

அடுத்த பஸ்ஸும் போனது. அதற்குள் கங்காணி இறங்கி வந்து, பெரட்டு கலைந்துவிட்டது, இனி வந்தால் அரைப் பேர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரப்பேரு போடறதுக்கு இவ்வளவு தூரம் எறங்கி வந்தாரே, ஒரு வாளி தூக்கிருக்கலாம்ல" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. வாளியும் நகர்ந்துகொண்டே இருந்தது.

ஒன்பதரை மணிக்கு வெயில் வந்தது. வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில். கடைசியில் தண்ணீர் மட்டம் வெறுமையாக இருந்தது. அவ்வளவு அழகான வெறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்கள் சாக்கை எடுத்துக்கொண்டு அரைப் பேருக்கு மலையேறினார்கள். செத்தவற்றை எண்ணினேன். நாற்பத்தொன்று. அப்பா கரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். கெண்டைக்கால் வீங்கியிருந்தது. அம்மா பையைத் திறந்து, கொழும்புக்கு என்று வைத்த துணியை எடுத்துக் காலில் சுற்றிவிட்டார்.

அன்று மாலை அப்பா சூப்பர்வைசருக்குப் போன் எடுத்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை மறுபடியும் எடுத்து, வீட்டில் மீன் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். அந்தப் பக்கத்தில் என்ன திட்டினார்களோ, அப்பா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு மீன் டின்னை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். மாலைத் தீனியை அன்றிலிருந்து அவர்தான் போட்டார். "கட வாசல்ல நின்னா காலுதான் வீங்கும். இங்க குந்திக்கிட்டுப் பாத்தாலும் மீனு வளருது" என்றார் அம்மாவிடம். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்.

பொரியை நிறுத்த எனக்கு மனமில்லை. நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. அத்தையோடு உட்கார்ந்து முறைப்பட்டியல் ஒன்று போட்டோம். வெள்ளிக்கு ஒரு காம்பரா. பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவரவர் முறை வரும். ஒரு டின் பொரிதான், அன்று மாலைத் தீனி கிடையாது. "கடைசியில எங்க புண்ணியத்தையும் டின்னுல அளந்துட்டீங்க" என்றார் அத்தை. ஆனால் யாராவது மீறினால் என்னைவிட அவர்தான் அதிகம் சத்தம் போட்டார். ஏன் மீன் மேலே வருகிறது, பாசி இரவில் என்ன செய்கிறது என்பதையெல்லாம் மட்டையில் எழுதாமல், கரையில் நின்று வாயால் சொன்னேன். கேட்டார்கள். சிலர் நான் யோசிக்காத கேள்விகளையும் கேட்டார்கள்.

நானும் பண்டாரவளையில் இரண்டு வகுப்புகள் கூடுதலாகப் பிடித்தேன். மார்கழி, தை இரண்டு மாதமும் கஷ்டமாகத்தான் போயின. அப்பா கொழும்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மாசியில் வலை போட்டோம். பதுளை டவுனில் மீன்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் ஐஸ் பெட்டியோடு லொறியில் வந்தார். மீனைக் கையில் தூக்கிப் பார்த்து, சேற்று வாடை இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். பாதியை அவர் எடுத்தார், மீதியை லயத்தாட்களே வாங்கினார்கள். கதிர்காமத்து மீனைப்போல இதைத் தின்னக்கூடாது என்று யாராவது சொல்வார்களோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அன்று பன்னிரண்டு காம்பராவிலும் புளி போட்ட குழம்பு கொதித்தது. போட்ட காசு திரும்பியது. அதற்கு மேல், கொழும்பில் அப்பாவுக்குக் கிடைத்திருக்கும் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடவே நின்றது. எட்டு மாத உழைப்புக்கு ஒரு மாதச் சம்பளம் என்று நான் தயங்கியபோது, அப்பா ஸ்டோருக்கு மறுபக்கம் கிடந்த சின்னத் தொட்டியை அளந்துகொண்டிருந்தார். அடுத்த தடவை ஆயிரம் குஞ்சு வேண்டும் என்று மிஸ்ஸிடம் அவரே பேசிவிட்டார். துரையும் அனுமதியை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்தார்.

விற்றுமுடித்த மாலை அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, அன்று வாளி தூக்கிய ஒன்பது பேர் வீட்டுக்கும் போனார். நானும் கூடப் போனேன். அவர்கள் இழந்த அரைப் பேர்க்காசைத் தனித்தனியாக உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். முதலில் நாலாம் காம்பரா. அத்தை உறையைப் பார்த்தார், என்ன என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார் அத்தை. "பொரி போட்டு மூச்சு முட்ட வச்சது நாங்க. அதுக்கு நாங்க கட்டுன தெண்டம்னு வச்சிக்குங்க. தெண்டத்த யாராச்சும் திருப்பி வாங்குவாங்களா?"

மற்ற எட்டு வீட்டிலும் உறையை வாங்கவில்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் உட்கார வைத்து மீன் குழம்பே ஊற்றினார்கள். ஒன்பது உறைகளோடும் திரும்பி வந்தோம். அப்பா அவற்றை மேசையில் அடுக்கி வைத்தார். அப்போது ஒரு நாள் பேர் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா. அதில் பாதி அறுநூற்று எழுபத்தைந்து. அந்த ஒரு காலைக்காக அந்த ஒன்பது பெண்களுக்கு ஆன செலவு ஆறாயிரத்து எழுபத்தைந்து ரூபா.